அனுப்புநர் பெயர் வேண்டாம்

விஷ்ராந்த்வாடி, புனே
11.6.2024

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

பாமா அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கோவை கணபதியில் இருந்த அந்தப் பழைய விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். வேறு யாராவது பிரித்தால் கிழித்துப் போட்டுவிடவும்.

இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. என்னவோ, தொடர்பு விட்டுப் போயிற்று. உன் அத்திம்பேர் டிஃபென்ஸ் அக்கவுன்ட்ஸிலிருந்து ரிடையர் ஆகிவிட்டார். தினமும் நாலு மணிக்கு வாக்கிங், ஆறு மணிக்குக் காபி. மாமியார் காலமாகி எட்டு வருஷம். கிருஷ்ணப்ரியாவுக்கு இருபத்தெட்டு வயது. விமான் நகரில் வேலை, அங்கேயே ஃப்ளாட்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். போன மாதம் கிருஷ்ணப்ரியா எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்து, முக்தா என்ற பெண்ணோடுதான் வாழப்போவதாகச் சொன்னாள். ரூம்மேட் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். முக்தாவுக்கு எத்தனை தடவை இட்லி மாவு கொடுத்தனுப்பியிருக்கிறேன்! உனக்கு இதெல்லாம் தெரியும். அந்த வாழ்க்கையில் உள்ள கஷ்டங்களை நீ பட்டிருப்பாய். அவற்றை விவரமாக ஒரு கடிதமாக எழுதினால், சமயம் பார்த்து அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில் எழுதினால் கவரில் அனுப்புநர் பெயர் வேண்டாம். கோவை என்று மட்டும் போட்டால் போதும்.

உன் நலம் கோரும்
அக்கா பாமா


கணபதி, கோவை
3.7.2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

அதே வீடுதான். ஓனர் மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டார். உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரை உண்டு, மாத்திரை உண்டு, மாத்திரை போட்டாயா என்று காலையும் மாலையும் கேட்க சுப்பையாவும் உண்டு. உனக்கு அவனை ஞாபகம் இருக்கும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இன்னும் நாலு வருஷம் குப்பை கொட்ட வேண்டும்.

நான் பட்ட கஷ்டங்களை எழுதச் சொன்னாய். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் உன் பெயர் வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. மற்றபடி கஷ்டம் என்றால், சுப்பையா கிரீஸ் கையோடு டவலைத் தொடுவான். முப்பது வருஷமாகச் சொல்கிறேன், கேட்பதில்லை. இதை வேண்டுமானால் உன் பெண்ணுக்குப் படித்துக் காட்டு.

கவரில் என் பெயரை எழுதித்தான் இருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் மொட்டைக் கடிதம் போட என்னால் ஆகாது. போன் நம்பர் தேடாதே. அன்றைக்கு இன்லண்டு லெட்டரில் எழுதித்தான் என்னை விலக்கினாய். இன்றைக்கும் எழுதியே பேசு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தையிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

விஸ்வேஸ்வரன்


விஷ்ராந்த்வாடி
12.7.2024

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரையைக் கவனித்துக்கொள். நல்லவேளை, தபால் மூன்று மணிக்கு, உன் அத்திம்பேர் தூங்கும் நேரத்தில் வந்தது, நானே கீழே இறங்கிப் போய் எடுத்தேன். தயவுசெய்து பெயர் எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. என் நிலைமையையும் கொஞ்சம் பார். போன ஞாயிற்றுக்கிழமை முக்தாவின் அம்மா எங்களைச் சாங்விக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சுனந்தா என்று பெயர், முனிசிபல் ஸ்கூல் டீச்சர், கணவர் இல்லை. பூரண் போளி பண்ணியிருந்தார். சாயங்காலம் எல்லோருமாகக் காய்கறி வாங்கப் போனோம். அங்கே யாரோ ஒரு அம்மாள் இவர்கள் யார் என்று கேட்டார். சுனந்தா மராத்தியில் சத்தமாக, "இவள் எங்கள் முக்தாவின் ஜோடி, இவர் அவளுடைய ஆயி" என்றார். ஆயி என்றால் அம்மா. நான் என்ன செய்தேன் தெரியுமா? கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து அழுகல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணப்ரியா என்னைப் பார்த்தாள்.

உன் அத்திம்பேர் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார். சுடோகு போடுகிறார்.

நீ கேட்டதற்கு: அவளுக்கு உன்னைப் பற்றி அதிகம் தெரியாது. சின்னக் குழந்தை அல்லவா அப்போது.

அன்புடன்
அக்கா


கணபதி, கோவை
24.8.2024

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய். பதில் தாமதம். வேண்டுமென்றேதான்.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன். 1999 ஜனவரியில் கிருஷ்ணப்ரியாவுக்குக் காது குத்தல். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், நீ வராமல் எப்படி என்று டிசம்பரில் நீதான் எழுதினாய். நான் சுப்பையாவையும் அழைத்து வருகிறேன் என்று பதில் போட்டேன். குர்லா எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட். ராஜ வீதியில் சிவப்புக் கல் வைத்த குட்டிக் கம்மல் ஒரு ஜோடி. அந்தக் கல்லை எடுத்தது சுப்பையா. எனக்கு வெள்ளைக் கல்தான் பிடித்திருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் உன் இன்லண்டு வந்தது. வர வேண்டாம், இனிமேல் எழுதவும் வேண்டாம் என்று. அதையும் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் ஆரம்பித்திருந்தாய். கம்மல் இன்னும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

நான் வராததற்கு எதைச் சொல்லி உன் மாமியார் வீட்டைச் சமாளித்தாய்? யார் மடியில் உட்காரவைத்தாய்? என் பெயரைக் கவரில் பார்த்தால் உன் வீட்டில் என்னதான் ஆகும்? இதற்குப் பதில் வராமல் நான் இனி எழுதப்போவதில்லை.

எஸ். விஸ்வேஸ்வரன்
(கவரிலும் இப்படியேதான், முழுசாக)


விமான் நகர், புனே
1.9.2024

டியர் மாமா,

நான் கிருஷ்ணப்ரியா. எனக்குத் தமிழ் மெதுவாத்தான் படிக்க வரும். அம்மா மே லீவ்ல சொல்லிக்கொடுத்தது. எழுதறது இன்னும் மெதுவா. பேசற மாதிரியே எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சுடுங்கோ. நீங்க சௌக்கியமா?

இந்தக் கேள்வியே எனக்கு விசித்திரமா இருக்கு. ஏன்னா நீங்க செத்துப்போயிட்டேள்னு அம்மா சொல்லியிருக்கா. நான் மூணு வயசா இருக்கும்போது, ஆக்சிடென்ட்ல. ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ வரையச் சொன்னப்போ உங்க பேருக்கு முன்னாடி லேட்னு நான்தான் எழுதினேன், பச்சை ஸ்கெட்ச்ல.

நேத்து சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அங்கிள் ஒரு கவர் குடுத்தார். பின்னாடி உங்க பேர். படிக்கட்டுலயே உட்கார்ந்து பிரிச்சுட்டேன். அம்மாவுக்கு வந்த லெட்டரைப் பிரிச்சது தப்புதான். ஒரு மணி நேரம் ஆச்சு படிக்க. அப்புறம் மேல போய் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா குக்கரை இறக்காம அப்படியே நின்னா. அப்பா வாக்கிங் போயிருந்தார்.

மாமா, டிசம்பர் 8 சாங்வில, முக்தாவோட அம்மா இருக்கற சொசைட்டி ஹால்ல ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கோம். சட்டப்படி அது கல்யாணம் இல்ல. பரவால்ல. மாலை மாத்திப்போம், எல்லாரும் சாப்பிடுவோம். நீங்களும் சுப்பையா மாமாவும் வரணும். அம்மாகிட்ட பக்காவா சொல்லிட்டேன், மாமா வந்தாத்தான் நீயும் வரணும், இல்லேன்னா வேண்டாம்னு.

அந்தக் கம்மலைக் கொண்டு வருவேளா?

உங்க
கிருஷ்ணப்ரியா


விஷ்ராந்த்வாடி
5.9.2024

விச்சுவுக்கு,

வழக்கமாக எழுதும் முதல் வரியை எழுதக் கை வரவில்லை.

கிருஷ்ணப்ரியா உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரியும். அவள் சொன்னது நிஜம். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜனவரியில் என் நாத்தனார் கிரிஜாவுக்குக் கோவையில் ஒரு வரன் வந்திருந்தது. மாமியார் உன் விலாசத்தைக் கேட்டாள். உன் தம்பி அங்கேதானே இருக்கிறான், மாப்பிள்ளை வீட்டாரை அவனைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள். அவர்கள் உன் வீட்டுக்கு வந்தால் அங்கே சுப்பையா இருப்பான். ஊரில் உங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னை வராதே என்று சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றிற்று. பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் போட்டிருக்கிறார், விச்சு அவிநாசி ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டானாம் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டாள். மூன்று வாரம் ஆகிறது என்றேன்.

அந்த மூன்று வாரம் வாய்தவறி வந்ததல்ல. தம்பி போனால் கல்யாணமான அக்காவுக்கு மூன்று நாள் தீட்டு. செய்தி பத்து நாள் தாண்டி வந்தால் தலைக்குக் குளித்தால் போதும். தீட்டுக் காத்தால் காது குத்தல் தள்ளிப்போகும், ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் விச்சு.

பச்சைத் தண்ணீரில் கட்டிய புடவையோடு தலைக்குக் குளித்தேன். நடுங்கிக்கொண்டு வெளியே வந்து அழுதேன். அது மட்டும் பொய் அழுகை இல்லை. அவர் கோவைக்குப் போய்விட்டு வரலாம் என்றார். யாருமில்லாத ஊருக்கு எதற்கு என்றேன். மூன்றாம் நாள் குழந்தையை மாமியாரின் அக்கா பிள்ளை ஸ்ரீநிவாசன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். கிரிஜாவுக்கு அந்த வரனும் அமையவில்லை. அவளை நாக்பூரில்தான் கொடுத்தோம்.

போன வாரம் வரை நான் கிருஷ்ணப்ரியாவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள். நான் போன் செய்தால் முக்தாதான் எடுக்கிறாள், அவள் குளிக்கிறாள் ஆன்ட்டி என்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அவளுக்காக வா.

பாமா


கணபதி, கோவை
29.9.2024

அம்மாவுக்கு வணக்கமுங்க.

நான் சுப்பையா எழுதறனுங்க. விஸ்வம் எழுத மாட்டேங்கறாரு. உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்காரு. நீங்களும் சாரும் சௌக்கியம்னு நம்பறேன்.

பாப்பா எழுதின கடிதாசு வந்த அன்னைக்கு நான் பட்டறைல இருந்து வர்றேன், இவரு பட்டப்பகல்ல தலைக்குத் தண்ணி வாத்துட்டு ஈரத்துண்டோட நிக்கறாரு. யாருக்கு என்ன ஆச்சுன்னு பதறிட்டனுங்க. "எனக்குத்தான் சுப்பையா. நான் செத்த சேதி இப்பதான் வந்துது. பத்து நாள் தாண்டிடுச்சு, அதனால குளிச்சாப் போதும்"னு சிரிச்சாரு. அப்புறம் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலைங்க.

உங்க கடிதாசையும் நாலஞ்சு தடவை படிச்சாரு. ஒரு எடத்துல மட்டும் நிறுத்தி, "இது பொய்"னாரு. எந்த எடம்னு எனக்குச் சொல்லலைங்க.

நான் உங்களைத் தப்பாப் பேச வரலை. எங்க அண்ணன் என்னை ரேசன் கார்டுல இருந்தே எடுத்தவருதான். ஆனா ஒண்ணுங்க, அவரு நான் உசுரோட இருக்கேன்னு ஒத்துக்கிட்டுத்தான் திட்டுனாரு.

கம்மலைப் பாலீஷ் போடக் குடுத்திருக்கேன். அது அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு
சுப்பையா


விஷ்ராந்த்வாடி
20.10.2024

விச்சுவுக்கும் சுப்பையாவுக்கும்,

இரண்டு பேருக்கும் தேகநலம் உண்டாகட்டும். விச்சு, சுப்பையா எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

உன் அத்திம்பேரிடம் சொன்னேன். சுடோகுவை மடித்து வைத்தார். எனக்குத் தெரியும் என்றார். 2004-ல் சூலூருக்கு ஆடிட் போனபோது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தாராம். நீ சாத்துக்குடி பேரம் பேசிக்கொண்டிருந்தாயாம். "கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடலை. வந்து உன்கிட்ட சொல்லியிருக்கலாம், சொல்லலை. தலைக்குக் குளிச்சுட்டு நின்னியே, அதுக்கப்புறம் உன்னை எப்படிக் கேக்கறது?" என்றார். இருபது வருஷமாக அவர் எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு இதே டேபிளில் சாப்பிட்டிருக்கிறார்.

போன வாரம் உட்கார்ந்து, நீ இறந்துவிட்டாய் என்று யார் யாருக்குச் சொன்னேனோ அத்தனை பேருக்கும் போன் செய்தேன். மொத்தம் பதினொரு பேர். "என் தம்பி சாகவில்லை, நான் பொய் சொன்னேன், அவன் ஒரு ஆணோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதற்காகச் சொன்னேன்" என்று அதே மூன்று வாக்கியத்தை எல்லோரிடமும் சொன்னேன். நாலாவது போனுக்குள் வாய் காய்ந்துவிட்டது. மகாதேவன் மாமா என் உடம்புக்கு ஏதாவதா என்று உன் அத்திம்பேரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். ஸ்ரீநிவாசன், "அப்போ அன்னிக்கு நான் யார் இடத்துல உட்கார்ந்தேன்?" என்று கேட்டான். கிரிஜா, "எனக்காகவா மன்னி?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 8-க்குப் பத்திரிகை அடிக்கிறார்கள். தமிழில் பெயர்களை எழுதித் தரச் சொல்லி முக்தா பேப்பர் கொண்டுவந்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் விஸ்வேஸ்வரன் – சுப்பையா என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் அது அப்படியே அச்சாகும். நீ வராவிட்டால் நான் ஹாலுக்குப் போகமாட்டேன், கிருஷ்ணப்ரியா சொன்னது நியாயம்தான்.

அக்கா


கணபதி, கோவை
25.11.2024

அக்காவுக்கு,

நலம். சுப்பையாவும் நலம்.

பத்திரிகை வந்தது. சுப்பையா அதை லேமினேட் செய்து பட்டறையில் மாட்டிவிட்டான். பம்பு ரிப்பேருக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று படிக்கிறார்கள். கிருஷ்ணப்ரியாவோடு தினமும் போனில் பேசுகிறேன். அவளுக்கு நம்பர் கொடுத்திருக்கிறேன், உனக்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

நீ முதலில் எழுதிய இரண்டு கடிதங்களிலும் "சிரஞ்சீவி" என்று போட்டிருந்தாய். அதைச் சுப்பையாவிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவன் சிரிக்கவில்லை.

குர்லா எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட். ஏழாம் தேதி வருகிறோம். ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ் பார்த்துக்கொள்வோம். உன் வீட்டுக்கு வருவதாக இல்லை. உன்னிடம் பேச முடியுமா என்றும் தெரியவில்லை, அதை எதிர்பார்க்காதே. நீ ஹாலுக்கு வா. அவளுக்கு அம்மா வேண்டும்.

விஸ்வேஸ்வரன்


விஷ்ராந்த்வாடி
15.12.2024

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

இந்தத் தடவை யோசித்துத்தான் அந்த வார்த்தையைப் போடுகிறேன்.

சௌகரியமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கிருஷ்ணப்ரியா சொன்னாள். சுப்பையாவின் இருமல் தேவலையா? புனே குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கம்மலுக்காக அவள் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தாளே, அப்போதுதான் பார்த்தேன். மடியில் உட்கார்ந்தால் மாமாவின் முட்டி போய்விடும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். உனக்குத் திருகாணியைப் பிடிக்கத் தெரியவில்லை, சுப்பையாதான் திருகினான். நான் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுனந்தா வந்து கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய மாணவிகளின் அம்மாக்கள் யாரோ கேட்டபோது நானே சொன்னேன், என் பெண், அவள் ஜோடி, அது என் தம்பி, பக்கத்தில் இருப்பவர் என் தம்பியின் ஜோடி என்று. கையில் கொத்தமல்லி எதுவும் இல்லை. நீ அதைக் கேட்டாயா என்று தெரியாது. கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளும் நீ என்னிடம் பேசவில்லை. எழுதியிருந்தாய், அதனால் நானும் கிட்டே வரவில்லை. ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாய். என்னவோ ஏதோ என்று ஓடி வந்தேன்.

"உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து வீசிங் ஆச்சே அக்கா, ஜனவரிக் குளிர்ல பச்சைத் தண்ணியிலயா குளிச்சே?" என்று கேட்டாய்.

இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. வண்டி நகர்ந்துவிட்டது. சுப்பையாவிடம் "இது பொய்" என்று மட்டும் சொல்லி நீ காட்டாமல் வைத்துக்கொண்ட இடம் அதுதான் என்று ஆட்டோவில் வரும்போது புரிந்தது.

பச்சைத் தண்ணீர் இல்லை, விச்சு. பாவம், தம்பியைப் பறிகொடுத்தவள், வீசிங் உடம்பு, சாஸ்திரம் ஒன்றும் சொல்லாது என்று மாமியாரே ஹீட்டர் போட்டு ஒரு பக்கெட் வெந்நீர் வைத்தாள். கதவுக்கு வெளியே துண்டோடு நின்றாள். குளித்து வந்ததும் காபி கலந்து கொடுத்தாள். குடித்தேன். அத்தனையையும் உன்னிடம் ஒப்புக்கொண்டேன், இதை மட்டும் மாற்றி எழுதினேன்.

வெந்நீரில்தான் குளித்தேன். அந்தக் குளிருக்கு இதமாக இருந்தது.

உன் அக்கா
பாமா

அனுப்புநர்: ஆர். பாமா, விஸ்வேஸ்வரனின் அக்கா, விஷ்ராந்த்வாடி, புனே